நித்திரைப் பிள்ளையைக் கொஞ்சாதவர்

எங்கள் வீட்டுப் பின்னறையில் மூன்றரை வருடம் இருந்தார் என்று எழுதினால் அன்ரிக்குப் பிடிக்காது. மூன்று வருடமும் ஐந்து மாதமும் என்று திருத்துவார். குரலை உயர்த்த மாட்டார், முகத்திலும் ஒன்றும் தெரியாது. சட்டையில் ஒட்டியிருக்கும் நூலை எடுத்துப் போடுவதுபோல, நாம் சொன்னதில் ஒட்டியிருந்த பொய்யை எடுத்துப் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

அப்போது நாங்கள் நாட்டைவிட்டு வந்து, நகரத்துக்கு வெளியே பாபகூராவில் ஒரு பழைய மரவீட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்பா, அம்மா, நான். அன்ரி எங்களுக்குச் சொந்தமில்லை. அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டு, இருக்க இடம் தேடிக்கொண்டிருந்தவரைத் தெரிந்தவர் ஒருவர் கூட்டிவந்து விட்டார். காலையில் ஒரு வான் வந்து அவரையும் இன்னும் சில பெண்களையும் புக்கெகோஹிக்கு ஏற்றிப்போகும். அங்கே வெங்காயமும் கரட்டும் தரம் பிரித்துப் பெட்டியில் அடைக்கிற வேலை. நான் எதிர்த் திசையில் ரயிலேறி நகரத்துக்குப் போவேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்தவனும் பல்கலைக்கழகம் போனவனும் நான்தான். அப்பா பெயரை மட்டும் எழுதுவார். அம்மாவுக்கு அதுவும் இல்லை. ஆகவே வீட்டுக்கு வருகிற எந்தக் கடிதமும் முதலில் என் கைக்குத்தான் வரும். அதில் எனக்குப் பெருமை இருந்தது.

அம்மாவுக்கு அன்ரியின் வாய் ஒரு தலையிடி. ஒருமுறை நியூ லின்னிலிருந்து விருந்தாளிகள் வந்திருந்தார்கள். பின்னேரம் இரண்டு மணியிலிருந்து குசினிக்குள் நின்று இடியப்பம் அவித்ததாக அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். சம்பல் கோப்பையோடு வந்த அன்ரி நின்றார்.

"நாலு மணிக்குத்தானே அக்கா தொடங்கினீங்கள். நான் வேலையால வரேக்க மாவே குழைக்கேல்லை."

விருந்தாளிகள் சிரித்தார்கள். அம்மா இரண்டு நாள் அவருடன் கதைக்கவில்லை. ஒன்றரை நாள் என்பார் அன்ரி.

தனக்கு எதிராகவும் அவர் அப்படித்தான். வெங்காயப் பெட்டி ஒன்றில் அழுகல் போய்விட்டது, யார் கவனிக்காமல் விட்டது என்று மேற்பார்வையாளர் கேட்டபோது, வரிசையில் நின்ற எல்லோரும் கூரையைப் பார்த்தார்களாம். அன்ரி கையைத் தூக்கினார். அன்றிலிருந்து அவரைக் குளிர் அதிகமான கடைசி மேசைக்கு மாற்றினார்கள். ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். நான்தானே விட்டது என்றார். அதற்குமேல் விளக்கம் இல்லை.

ஒரு பள்ளி மண்டபத்தில் நடந்த சரஸ்வதி பூசையில், புதிதாக வந்திருந்த ஒரு பெண் அன்ரியின் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கட அவர் செத்துப்போனாராம், கேள்விப்பட்டு மனம் சரியில்லாமல் போச்சுது என்றார். அன்ரி கையை இழுக்கவில்லை.

"செத்தது எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. மண்ணெண்ணெய் வாங்கச் சைக்கிளில போனவர். வரேல்லை. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

அந்தப் பெண் மெல்லத் தன் கையை எடுத்துக்கொண்டார். பின்னால், விட்டுவந்த மகளை இங்கே கூப்பிடுவதற்கான படிவம் நிரப்பியபோது, 'விதவை' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டால் வேலை சுலபமாக முடியும் என்று பலர் சொன்னார்கள். அவர் போடவில்லை. கேள்விக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தில், 'காணவில்லை' என்று என்னை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னார்.

மகள் கொழும்பில் மாமியோடு இருந்தாள். மாமி என்றால் அன்ரியின் கணவருடைய தமக்கை. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்ட் ஓராளைத்தான் ஏற்றுவேன் என்று சொல்லிவிட்டானாம். பிள்ளைக்கு அப்போது நாலு வயது. அன்ரி புறப்பட்டு வந்தார். ஆறு மாதத்தில் கூப்பிடலாம் என்று நினைத்தாராம். நான் சொல்லும் காலத்தில் பிள்ளைக்குப் பத்து வயதாகியிருந்தது.

மகளைப் பற்றி அன்ரி உருகிக் கதைத்து நான் கேட்டதில்லை. என்ர செல்லம், என்ர குஞ்சு என்று ஒரு வார்த்தை வராது. முன் பல்லு இரண்டும் விழுந்திட்டுதாம், கணக்கில நாற்பத்தொண்டாம், அவ்வளவுதான். வருடத்துக்கொருமுறை மாமி, பிள்ளையின் வலது பாதத்தைக் கொப்பித்தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கீறி அனுப்புவார். அன்ரி அந்தத் தாளைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு கடைகடையாகப் போய், சப்பாத்துக்குள் விட்டுப் பார்த்து வாங்குவார். அனுப்பியது போய்ச் சேரும்போது கால் வளர்ந்திருக்கும் என்று விரலளவு இடம் விட்டு வாங்குவார். பாவித்த தாளை எறியமாட்டார். அலுமாரியின் மேல்தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு பாதங்கள் இருந்தன.

அந்த வருடம் நான் ஓவிய வரலாற்றை ஒரு பாடமாக எடுத்திருந்தேன். விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில் தாயையும் வீட்டையும் எப்படி வரைந்தார்கள் என்பதுதான் அந்தப் பருவத்துக்கான தலைப்பு. வகுப்பில் இருந்தவர்களில் பலர் அந்தப் படங்களைச் சின்ன வயதிலேயே தேயிலைத் தகரப் பேணிகளில் பார்த்து வளர்ந்தவர்கள். எனக்கு எல்லாமே புதிது. கன்னத்தோடு கன்னம் வைத்த தாய், கணப்படுப்பு, கம்பளத்தில் பூனை, மடியில் புத்தகம். எங்கள் விரிவுரையாளர், நகரத்து ஓவியக்கூடத்துக்குப் போங்கள், ஒரே ஒரு படத்தின் முன்னால் ஒரு மணித்தியாலம் நில்லுங்கள், பிறகு வந்து எழுதுங்கள் என்றார்.

ஒரு சனிக்கிழமை போனேன். அன்ரியும் விண்ணப்பத்துக்குப் படம் எடுக்க நகரத்துக்கு வந்திருந்ததால் அவரையும் கூட்டிப்போனேன். வெளியில் மழை. நனைந்த குடையை வாசலில் வாங்கி வைத்துக்கொண்டு இலக்கத் துண்டு கொடுத்தார்கள். அவர் அதைக் கைக்குள் பொத்திப் பிடித்தபடி என் பின்னால் வந்தார்.

நான் தெரிவு செய்த படத்தில் ஒரு படுக்கையறை. தொட்டிலில் பொன்நிறத் தலையோடு ஒரு பிள்ளை நித்திரை. வெள்ளைச் சரிகைக் கழுத்துப்பட்டி போட்ட தாய் ஒரு கையில் விளக்கோடு குனிந்து அதன் கன்னத்தில் முத்தமிடுகிறாள். வெளிச்சம் முழுவதும் அவள் முகத்தில். கதவடியில் நிழலுக்குள், கையில் பாத்திரமும் துவாயுமாக ஒரு வேலைக்காரப் பெண். நான் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தேன். அன்ரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நித்திரைப் பிள்ளையை ஆராவது கொஞ்சுவினமே? இவவுக்கு ஒருத்தரும் சொல்லிக்குடுக்கேல்லையோ?"

உறங்கும் பிள்ளையைக் கொஞ்சக்கூடாது, முத்தமிடக்கூடாது என்பது எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த விலக்குத்தான். பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. இங்கிலாந்தில் அப்படி இல்லை அன்ரி என்று சொன்னேன். அவர் மறுபடி திரும்பிப் பார்த்தார். இம்முறை நெடுநேரம் பார்த்தார், வெங்காயம் பார்க்கிற பார்வை.

"தம்பி, இவ பிள்ளை தூக்கினவ இல்லை. கழுத்துப்பட்டியைப் பாரும், ஒரு கசங்கல் இல்லை. பிள்ளை முதல்ல பிடிச்சு இழுக்கிறது அதைத்தானே." பிறகு நிழலில் நிற்பவளைக் காட்டினார். "குளிப்பாட்டிப் படுக்கப்போட்டது அவ. இவ விளக்கோட வந்து பாக்கிறா."

நான் அதை எழுதிக்கொண்டேன். சொல்லுக்குச் சொல் எழுதினேன். என் கட்டுரை முழுவதும் அந்த இரண்டு வரியின்மேல்தான் நின்றது. இந்தப் படங்களில் வெளிச்சம் பிள்ளையை வளர்த்தவர்மேல் விழுவதில்லை, வந்து பார்ப்பவர்மேல் விழுகிறது, உலகம் தாய்மை என்று நம்பிக்கொண்டிருப்பது இந்த வெளிச்சத்தைத்தான் என்று எழுதினேன். விரிவுரையாளர் அதை வகுப்பில் வாசித்துக் காட்டினார். மிகக் கூர்மையான கண் என்றார். அது யாருடைய கண் என்று நான் சொல்லவில்லை.

இரண்டு கிழமைக்குள் விசா அலுவலகத்திலிருந்து அன்ரிக்குக் கடிதம் வந்தது. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் இடம்பெயர்ந்த காலத்தில் தொலைந்து, பல வருடம் கழித்துப் பதிந்து எடுத்தது. ஆகவே அது மட்டும் போதாது. தாய்க்கும் மகளுக்குமான உறவைக் காட்டும் படங்களையும், சேர்ந்து வாழ்ந்த காலத்தின் அன்றாட வாழ்க்கையை விவரிக்கும் வாக்குமூலம் ஒன்றையும் அனுப்பும்படி கேட்டிருந்தார்கள்.

படம் என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பிள்ளைக்கு மூன்று வயதில் யாழ்ப்பாணத்து ஸ்டூடியோவில் எடுத்தது. அன்ரி கதிரையில் நிமிர்ந்து இருக்கிறார். பிள்ளை பக்கத்தில் கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இரண்டு பேரும் கமராவை முறைக்கிறார்கள். சிரிப்பில்லை, தொடுகை இல்லை. எங்கள் எல்லோர் வீட்டிலும் அப்படித்தான் படம் இருக்கும். ஆனால் நான் ஒரு பருவம் முழுவதும் கன்னத்தோடு கன்னம் வைத்த தாய்மாரைப் பார்த்துவிட்டு வந்தவன். விசா அதிகாரி இதைப் பார்த்தால் என்ன நினைப்பார் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். இரண்டு அந்நியர் என்று நினைப்பார்.

அன்ரி சொல்லச் சொல்ல வாக்குமூலத்தை எழுதினேன். காலையில் தலை வாரி இழுத்துவிடுவேன். சோறு தீத்துவேன். ஷெல் அடித்தால் பங்கருக்குள் முதலில் அவளை இறக்குவேன். வெள்ளிக்கிழமை தலைக்கு முழுகவார்ப்பேன். அவர் சொன்னதெல்லாம் இப்படித்தான் இருந்தது. எல்லாம் வேலை. ஆங்கிலத்தில் எழுதியபோது வீட்டு வேலைக்காரியின் நாட்குறிப்புப் போல இருந்தது. ஆகவே கடைசியில் நானாக ஒரு வசனம் சேர்த்தேன். ஒவ்வொரு இரவும் கையில் விளக்கோடு உறங்கும் மகளின்மேல் குனிந்து அவள் கன்னத்தில் முத்தமிடுவேன். மின்சாரம் இல்லாத ஊர், விளக்கு உண்மைதானே என்று என்னை நானே சமாதானப்படுத்தினேன்.

வாசித்துக் காட்டாத தாளில் அன்ரி கையெழுத்து வைக்கமாட்டார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு, தீத்தினது மூண்டு வயசுமட்டும்தான், பிறகு தானே சாப்பிட்டவள் எண்டு எழுதும் என்று ஒரு திருத்தம் சொன்னார். அதைத் திருத்தினேன். மற்றதெல்லாம் வரிக்கு வரி தமிழில் சொன்னேன். அந்த வசனத்தின்மேல் மட்டும் கண்ணை ஓடவிட்டுக் கடந்தேன்.

"முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது அன்ரி."

கையெழுத்து வைத்தார்.

நேர்முகத்துக்கு அவரைத் தனியேதான் கூப்பிட்டார்கள். மொழிபெயர்க்கத் தமிழ்நாட்டுப் பெண் ஒருவர் இருந்தாராம். அன்று பின்னேரம் அன்ரி வேலைக்கு ஏற்றிப்போகும் வானுக்குக் காத்திருப்பதுபோல வாசற்படியில் நின்று நடந்ததை எனக்குச் சொன்னார்.

"தூங்குற குழந்தைக்கு தினமும் முத்தம் கொடுப்பீங்களாமே எண்டு அந்த மொழிபெயர்க்கிற பிள்ளை கேட்டுது. நான் இல்லை எண்டன். ஒருநாள்கூடவா இல்லை எண்டு திரும்பக் கேட்டுது. ஒருநாளும் இல்லை எண்டன். விளக்குக் கொண்டுபோவீங்களா எண்டுது. மண்ணெண்ணெய் விளக்கைப் பிள்ளைக்குக் கிட்ட ஆர் கொண்டுபோறது எண்டன். அந்த அதிகாரி எழுதிக்கொண்டார்." பிறகு கேட்டார். "ஏன் தம்பி உப்பிடிக் கேட்டவை?"

தெரியாது என்று சொன்னேன்.

அதே கேள்வி கொழும்புக்கும் போனது. அங்கே பிள்ளையைத் தனியாக இருத்திக் கேட்டார்கள். அவளும் இல்லை என்றாள். ஒருவரையொருவர் ஆறு வருடம் காணாத தாயும் மகளும் இரண்டு நாட்டில், இரண்டு அறையில் இருந்துகொண்டு ஒரே பதிலைச் சொன்னார்கள். அதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும் என்று இன்றைக்கு எனக்குத் தோன்றுகிறது. விசா அலுவலகத்துக் கோப்பில் இருந்ததோ வேறு கணக்கு. வாக்குமூலமும் பதில்களும் முரண்படுகின்றன, ஆகவே உறவை நம்புவதற்கில்லை என்று மறுப்புக் கடிதம் வந்தது.

அதை நான் வாசித்துச் சொன்னபோது அன்ரி, தான் கையெழுத்து வைத்த தாளின் பிரதியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கடைசி வரியில் விரலை வைத்தார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. ஆனால் நேர்முகத்தில் கேட்ட கேள்விக்குப் பிறகு, தான் சொன்னவற்றை வரிகளோடு எண்ணிப் பார்த்துக் கடைசி வரி மிஞ்சுவதைக் கண்டிருந்தார் போலும்.

"இதை வாசியும்."

வாசித்தேன்.

"அது ஆர்?"

நான் தாளைத் திருப்பி வைத்தேன்.

"அண்டைக்குப் படத்தில பாத்த பொம்பிளை எல்லோ அது?" என்றார். கோபம் இல்லை. சரிபார்த்துக்கொள்வதுபோலக் கேட்டார். பிறகு, "நீர் எழுதினது, எனக்கு வாசிச்சுக் காட்டேல்லை எண்டு ஒரு கடிதம் குடுக்கலாம்தானே?" என்றார்.

குடுக்கலாம் என்றேன். மனதார நினைத்துத்தான் சொன்னேன். அன்றிரவே அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். எங்கள் நிரந்தர வதிவிட விண்ணப்பமும் அப்போது இன்னும் முடியவில்லை.

"பொய் எழுதினனான் எண்டு நீயே எழுதிக்குடுத்தா எங்கட பைலையும் எல்லோ தூக்கிப் பாப்பினம். அவவுக்கு ஒரு பிள்ளை. எனக்கும் ஒரு பிள்ளைதான்."

அடுத்த கிழமை எழுதலாம் என்று வைத்தேன். பரீட்சை முடியட்டும் என்று வைத்தேன். அன்ரி இரண்டாம் முறை கேட்கவில்லை. சொன்னதைச் செய்யாதவரிடம் ஒன்றைத் திருப்பிக் கேட்பது அவருடைய பழக்கத்தில் இல்லை. ஒவ்வொரு நாளும் வேலையால் வந்து தபால்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு உள்ளே வருவார். நான் என் அறைக் கதவைச் சாத்திவைத்துப் படித்தேன்.

பிறகு வந்தது மகளின் கடிதம். கொப்பித்தாளில் உருண்டை எழுத்து. அன்ரி அதைத் தானே வாசித்தார். வாசித்துவிட்டுச் சோற்றுக்கு உலை வைத்தார். நெடுநேரம் கழித்து என்னிடம் நீட்டினார், ஒரு வரி மட்டும் பார்க்கும்படி. 'அம்மா, நீங்கள் என்னை ஒவ்வொரு நாளும் கொஞ்சினீர்கள் என்று எழுதிக் கொடுத்தீர்களாம். எனக்கு ஞாபகம் இல்லை. ஒருநாளாவது கொஞ்சினீர்களா?'

அந்தக் கேள்வி அதுவரை அந்தப் பிள்ளையின் மனதில் இருந்திருக்காது. ஓர் அதிகாரி கேட்கும்வரை, அம்மா என்பவர் தலை இழுத்துவிட்டவர், பங்கருக்குள் இறக்கிவிட்டவர், வருடாவருடம் சப்பாத்து அனுப்புகிறவர். இப்போது அவளிடம் அளந்து பார்க்க வேறொரு தாய் இருந்தாள். கையில் விளக்கோடு நான் அனுப்பி வைத்தவள்.

அன்ரி என்ன பதில் எழுதுவார் என்று எனக்குத் தெரியும். ஆயிரம் முறை கொஞ்சினேன் என்று ஒரு பொய் எழுதியிருக்கலாம். எந்தத் தாயும் எழுதுவாள். விமானக் கடிதத்தை ஒட்டி, மேல்விலாசத்தை ஆங்கிலத்தில் எழுதத் தந்தபோது, என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன்.

"நித்திரையில ஒருநாளும் கொஞ்சேல்லை. முழிச்சிருக்கேக்கை கொஞ்சினது, ஒண்டரை வயசுமட்டும். அது உனக்கு ஞாபகம் இராது எண்டு எழுதினன்."

இரத்தப் பரிசோதனை ஒன்று செய்து மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று ஒரு வழக்கறிஞர் சொன்னார். அன்ரி உடனே சம்மதித்தார். அதற்குப் பிள்ளையின் இரத்தமும் வேண்டும். ஊசி வேண்டாம், நான் மாமியோடேயே இருக்கிறேன் என்று அவள் எழுதினாள். கடிதத்தின் தொடக்கத்தில் 'அன்புள்ள அம்மா' என்று இருந்தது. அந்த வருடம் பாதம் கீறிய தாள் வரவில்லை.

அன்ரி வேலைத்தலத்துக்குக் கிட்ட, புக்கெகோஹியில் ஓர் அறை எடுத்துக்கொண்டு போனார். போகிற அன்று நாலைந்து பேர் வந்திருந்தார்கள். பெட்டிகளை நான்தான் காரில் ஏற்றினேன். அலுமாரி மேல்தட்டில் இருந்த ஆறு தாள்களையும் அவர் என்னிடம் தரவில்லை. தன் கைப்பைக்குள் வைத்தார். உறவுக்கு ஆதாரம் கேட்டார்களே, இவற்றை அனுப்பியிருக்கலாமே என்று அந்தக் கணத்தில்தான் எனக்கு உறைத்தது. நான் பார்த்த எந்தப் படத்திலும் தாய் காகிதப் பாதத்தோடு சப்பாத்துக் கடையில் நிற்கவில்லை.

வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துக்கொண்டு அம்மா என்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார்.

"தங்கச்சியின்ர பைல் அலுவலெல்லாம் என்ர மகன்தான் பாத்தவன். எல்லாக் கடிதமும் அவன்தான் எழுதினது, அவன்தான் வாசிச்சுக் காட்டினது."

வாசலில் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டிருந்த அன்ரி நிமிர்ந்தார். வழக்கமான முகம்தான்.

"ஒரு வசனம் வாசிச்சுக் காட்டேல்லை. ஒரு கடிதம் எழுதேல்லை."

வந்தவர்கள் அவர் மேலும் ஏதோ சொல்லப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைத் திட்டியிருக்கலாம். என்ர பிள்ளையைப் பறிச்சுப்போட்டான் என்று ஒரு சொல் கூட்டிச் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால், அது அளவுக்கு மீறியது என்று நான் இத்தனை வருடமாக எனக்குள்ளே வாதாடிக்கொண்டிருக்கலாம். அவர் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. மற்றச் சப்பாத்தையும் கொழுவிக்கொண்டு காரில் ஏறினார்.